போருக்கு அடித்த பொன்

மூன்று தசாப்தங்களாகப் போர்ச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் நான். மடிந்தோர் தொகையை முதலில் கேட்போம். போருக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அரிது. அந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்தது ஒரு கிரேக்கப் பொன் நாணயத்தின் படம்.

ஸ்டேற்றர் எனப்படும் அந்நாணயம் நம்மவர் கணக்கில் ஏறத்தாழ ஒரு பவுண். அதில் லைசிமாக்கஸ் என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. மகா அலெக்சாண்டரின் தளபதியாயிருந்து திரேஸை ஆண்ட லைசிமாக்கஸ், கி.மு. 281 இல் போரில் மடிந்தவர். நாணயமோ, அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின், கருங்கடலின் மேற்குக்கரைக் கிரேக்க நகரங்களில் அடிக்கப்பட்டது. மரபுப்படி அதிலுள்ள தலை அலெக்சாண்டருடையது. ஆட்டுக்கடாக் கொம்பும் உண்டு. ஆயினும் முகச்சாயல் பொன்தஸ் மன்னன் ஆறாம் மித்திரடேற்றஸினுடையது என்பர் நாணயவியலாளர். மக்கள் நம்பிய பழைய நாணயத்துக்குள் புதிய மன்னன் குடிபுகுந்திருந்தான்.

உரோமுடன் மூன்று முறை பொருதியவன் அவன். கி.மு. 88 இல் ஆசிய மாகாணத்தைக் கைப்பற்றி, அங்கிருந்த உரோமரையும் இத்தாலியரையும் கொல்லுமாறு ஆணையிட்டான். மாண்டோர் எண்பதினாயிரம் என்று பண்டைய ஆசிரியர்கள் எழுதினர், அத்தொகை மிகையாயிருக்கலாம். சிறைப்பட்ட உரோமத் தூதர் அக்குவில்லியஸின் வாயில் உருக்கிய பொன்னை ஊற்றுவித்தான் என்கிறார் அப்பியன். உரோமரின் பேராசைக்கு அது அவன் அளித்த பதில்.

மன்னன் தன் பெயரில் அடித்த நாணயங்கள் பலவற்றில் ஆண்டும் மாதமும் உண்டு. அவற்றை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் பிரான்சுவா டி கலட்டாய், நாணய உற்பத்தி போர் ஆயத்தங்களோடு ஏறி இறங்கியதை 1997 இல் வெளியான தமது நூலில் காட்டினார். படை நகருமுன் நாணயச்சாலை இயங்கத் தொடங்கியிருந்தது.

உரோமத் தளபதி சுல்லாவின் வழியும் வேறல்ல. டெல்பி, ஒலிம்பியா ஆலயங்களின் செல்வங்களை அவர் எடுத்துக்கொண்டார். அவருக்காக நாணயம் அடிப்பித்தவர் லூக்குலஸ். கி.மு. 85 இல் சமாதானம் வந்தபோது மித்திரடேற்றஸ் அரசுடன் தப்பினான். ஆசிய நகரங்கள் மீதோ இருபதினாயிரம் தலந்து தண்டம் விழுந்தது. நகரங்கள் வட்டிக்குக் கடன்பட்டன. இரு மடங்கு செலுத்திய பின்னரும் கடன் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் தலந்தாக வளர்ந்திருந்தது என்று புளூட்டாக் எழுதுகிறார். பெற்றோர் பிள்ளைகளை விற்க நேர்ந்தது.

முன்பு நாணயம் அடிப்பித்த அதே லூக்குலஸ்தான் பின்னர் வட்டியைக் குறைத்து அக்கடன் தீர வழிசெய்தார். வட்டிக்காரர்கள் உரோமில் அவருக்கெதிராகக் கிளர்ந்தனர், கி.மு. 66 இல் படைத்தலைமை பொம்பேயிடம் சென்றது.

கி.மு. 63 இல், மகன் பார்னேசஸ் கிளர்ச்சி செய்ய, மித்திரடேற்றஸ் நஞ்சருந்தினான். நஞ்சு கொல்லாததால் தன் மெய்க்காவலனின் வாளை நாடினான் என்பர். அவன் முகம் இன்றும் அருங்காட்சியகங்களில் பொன்னாய் ஒளிர்கிறது. விற்கப்பட்ட பிள்ளைகளின் முகத்தை எந்த நாணயமும் தாங்கவில்லை.