முதுகெல்லாம் முத்திரை

டிகிரி சர்டிபிகேட் கைக்கு வந்ததும் நம் ஊரில் அதற்குக் கிடைக்கும் முதல் மரியாதை லேமினேஷன். நனையாது, பூச்சி அரிக்காது என்று அப்பாக்கள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் போட்டுவிடுவார்கள். துபாயில் வேலை கிடைத்து, ‘அட்டெஸ்டேஷன் முடிச்சு அனுப்புங்க’ என்று கம்பெனி சொல்லும்போதுதான் வினை தெரியும். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை பிடிக்காது. அயர்ன்பாக்ஸை இளஞ்சூட்டில் வைத்துத் தேய்த்து, ஓரத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிப்பவர்கள் உண்டு. எழுத்தும் கூடவே வந்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு மனுப் போட வேண்டியதுதான்.

தப்பித்த காகிதம் ஊர் சுற்றக் கிளம்புகிறது. ‘இது நாங்கள் கொடுத்ததுதான்’ என்று பல்கலைக்கழகம் உண்மைத்தன்மைச் சான்று தர வேண்டும். அடுத்து, சென்னைக் கோட்டையில் உயர்கல்வித் துறை. ஏஜென்ட் வாயில் அது ‘எச்.ஆர்.டி.’ பிறகு வெளியுறவு அமைச்சகம். 2012 முதல் அங்கே நாமே நேரில் போய் நீட்ட முடியாது; அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் உள்ளே போகும்.

ஓமனுக்கோ பஹ்ரைனுக்கோ போகிறவருக்கு இத்தோடு சரி. அமைச்சகம் ஒட்டும் ‘அப்போஸ்டில்’ என்ற சான்று போதும். அதை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது. 2022 டிசம்பரிலிருந்து சவூதியும் உள்ளே. அமீரகம் அதில் இல்லை. ஆகவே காகிதம் அமீரகத் தூதரகத்துக்குப் போய், கடல் தாண்டி அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ‘மோஃபா’ அட்டெஸ்டேஷனும் வாங்க வேண்டும்.

இத்தனை பேரும் எதற்குச் சாட்சி? எனக்கு இதுதான் வேடிக்கை. ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முன்னால் போட்ட கையெழுத்து அசல்தான் என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று நம் வெளியுறவு அமைச்சகமே சொல்லிவிடுகிறது. தெர்மோடைனமிக்ஸில் எத்தனை அரியர் வைத்தான், மெஷினைத் தொட்டுப் பார்த்திருக்கிறானா என்று வழியில் ஒருவரும் கேட்பதில்லை. முன்பக்கம் படிப்பு நாலே வரியில் முடிந்துவிட, பின்பக்கம் நிரம்பிக்கொண்டே போகிறது.

ஆனாலும் அந்தப் பின்பக்கம்தான் சோறு போடுகிறது. அது சரியாக இருந்தால்தான் வொர்க் பெர்மிட்டில் ‘இன்ஜினியர்’ என்று விழும். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் ஆளின் உடம்பை: ரத்தப் பரிசோதனை, காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே, கைரேகை. என்ட்ரி பெர்மிட்டில் இறங்கியவர் 60 நாளுக்குள் இதையெல்லாம் முடித்தாக வேண்டும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் முழுக்க விசா ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 2022 ஏப்ரலில் அந்த ஸ்டிக்கர் நின்றுபோய், 784 என்று தொடங்கும் 15 இலக்க எமிரேட்ஸ் ஐடியே எல்லாம் என்றாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஊரில் தங்கிவிட்டால் சாதாரண ரெசிடென்ஸ் செல்லாமல் போகும். சர்டிபிகேட்டின் முத்திரைகள் அப்போது உதவிக்கு வராது.

மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டுமா? 2019-க்குப் பிறகு என்ன பதவி என்பது தடையில்லை. சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருந்தால் ஸ்பான்சர் செய்யலாம். திருமணச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். கல்யாண மண்டப ரசீதும் ஆல்பமும் செல்லாது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த காகிதம் வேண்டும். கோட்டையில் அதற்கு வேறு துறை. பிறகு அதே அமைச்சகம், அதே தூதரகம், அதே மோஃபா. கூடுதலாக, சட்ட மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு ஓர் அரபி மொழிபெயர்ப்பு.