தரங்கம்பாடியில் ஆரோக்கியமான உபதேசம்

ஆரோக்கியமான உபதேசம் என்பது கிறிஸ்தவ சபை வேதத்துக்கு ஒத்தபடி கற்பிக்கும் போதனை. அதிலிருந்து விலகுவதைத் தமிழ்ச் சபையார் கள்ள உபதேசம் என்பர். எது சரி, யார் அதைத் தீர்மானிப்பது என்ற வழக்கு தரங்கம்பாடியை மையமாகக் கொண்ட லுத்தரன் சபையில் நீண்ட காலம் நடந்தது.

தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரின் அனுமதியுடன் 1620இல் டேனியர் இங்கே கோட்டை கட்டினர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிச் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினர். இந்த இருவரின் உபதேசமே முதலில் ஐயத்துக்கு உள்ளாகியிருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் பரவிய பக்தி இயக்கத்தின் சாயல் அவர்களிடம் இருப்பதாகக் கோபன்ஹேகன் பேராயர் கருதினார். அரசர் தலையிட்ட பிறகே 1705இல் குருப்பட்டம் கிடைத்தது.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகிய சீகன்பால்கு, தொடக்கத்திலேயே தமிழாக்கிய நூல்களில் ஒன்று மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், நற்கருணை ஆகியவற்றைக் கேள்வி பதிலாக விளக்கும் சிறு நூல் அது. எழுத்தறியாதவரும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்யலாம். அடுத்து வந்தது புதிய ஏற்பாடு: 1714-15இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே தமிழில் அச்சானது. தாள் போதாமல் பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள். 1716இல் உபதேசியார்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கியது. சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரரான ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, முதல் இந்தியப் புராட்டஸ்டன்ட் குருவானார். சபையார் தாங்களே வாசித்து, கேட்ட பிரசங்கத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. தரங்கம்பாடி செய்த மிகப் பெரிய நன்மை அதுவே.

அந்த வாசிப்புக்கு விளைவும் இருந்தது. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்ற கத்தோலிக்கர் தரங்கம்பாடியின் தமிழ் நூல்களைப் படித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். இது கத்தோலிக்கரிடையே பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. ஏலாக்குறிச்சியில் பணிசெய்த வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை எழுதி லுத்தரன் போதனையை மறுத்தார். தரங்கம்பாடி வேத மொழிபெயர்ப்பின் தமிழ்நடையையும் அவர் கடுமையாகச் சாடினார். அவர் பார்வையில், திருச்சபையின் பரம்பரைப் போதனையை விட்டு வேதத்துக்குத் தன்போக்கில் பொருள் சொல்வதே வழிதவறுதல். லுத்தரன் சபையாரோ, வேதத்தில் இல்லாததைச் சேர்ப்பதே வழிதவறுதல் என்றனர். இரு தரப்பும் சாதாரணத் தமிழ் வாசகரை நோக்கி உரைநடையில் வாதிட்டதால், ஐரோப்பாவின் பழைய வழக்கு தஞ்சைத் தரணியில் தமிழ் வழக்காகவே மாறியது.

கண்டிப்பு உள்ளிருந்தும் வந்தது. சீகன்பால்கு ஆலயமும் பள்ளியும் கட்டுவதைக் கோபன்ஹேகனின் மிஷன் வாரியச் செயலர் வென்ட் வன்மையாகக் குறைகூறினார். ஆயினும் தரங்கம்பாடியில் புது எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையாயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்கு 36 வயதில் காலமானார். 1760இல் வந்து பொறையாறு அருகே தோட்டம் அமைத்த மொராவியச் சகோதரர் என்னும் வேறொரு புராட்டஸ்டன்ட் குழுவினரையும் தரங்கம்பாடியின் ஹாலே மிஷனரிகள் ஐயத்தோடுதான் பார்த்தனர்.

சாதி விஷயத்தில் இந்த விழிப்பு தளர்ந்தது வருந்தத்தக்கது. நற்கருணையைப் பற்றி நுணுக்கமாக வாதிட்டவர்கள், ஆலயத்தில் சாதிவாரியாக மக்கள் தனித்தனியே உட்கார்வதை ஊர் வழக்கமாக எண்ணிப் பொறுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பணிக்குப் பொறுப்பேற்ற ஜெர்மனியின் லைப்சிக் மிஷனும் அதில் மென்மையாகவே நடந்தது. அதை ஏற்காமல் விலகிய கார்ல் ஓக்ஸ் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார்; டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்த அப்பணி பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமரும் சமபந்தி உபதேசத்தில் சேர்ந்ததா, வெளி ஒழுங்கைச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு, உபதேசத்தில் சேர்ந்ததே என்ற ஓக்ஸின் பதிலே வேதத்துக்கு நெருக்கமானது.

அடுத்த பிளவு வேதத்தின் அதிகாரம் பற்றியது. வேதவாக்கியம் சொல்லுக்குச் சொல் தேவ ஆவியால் அருளப்பட்டது, அதில் பிழையே இல்லை என்பதில் உறுதியாக நின்ற நேதர், மோன் என்ற மிஷனரிகள் 1893இல் லைப்சிக் மிஷனிலிருந்து நீக்கப்பட்டனர். அமெரிக்காவின் மிசூரி சினாடு அவர்களை ஏற்று அனுப்ப, 1895இல் கிருஷ்ணகிரிப் பகுதியில் பணி தொடங்கினர். இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வந்தது.

தரங்கம்பாடிப் பரம்பரையில் 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அதன் பேராயர் திருச்சியில் இருந்தாலும் தரங்கைப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார்.