பிடிஎஸ் முதல் பிடிஎஸ்இ வரை: மெயின்பிரேம் கோபோலில் ஒத்திப்போடலின் வரலாறு

1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 குடும்பத்தை அறிவித்த ஐபிஎம், சிறிய கணினிக்கு எழுதிய நிரல் அதே குடும்பத்துப் பெரிய கணினியிலும் ஓடும் என்று உறுதி தந்தது. முகவரி 24 பிட்டிலிருந்து 1980களில் 31 பிட்டாகி, 2000இல் 64 பிட்டான பிறகும் அந்த உறுதி பெரும்பாலும் காக்கப்பட்டது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கம்பைலரை மாற்றத் தயங்குவதைப் பழைமைப்பற்று என்று சொல்லிவிடுவது எளிது. அது அந்த உறுதியிலிருந்தே விளைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். மாற்றாவிட்டாலும் எதுவும் நின்றுவிடாது என்றால் யார்தான் மாற்றுவார்?

1980களின் நடுவில் வந்த விஎஸ் கோபோல் 2 கம்பைலர், முந்தைய ஓஎஸ்/விஎஸ் கோபோலில் புழங்கிய எக்ஸாமின், எக்ஸிபிட் போன்ற கட்டளைகளைக் கைவிட்டது. ஆனால் சிஎம்பிஆர்2 என்ற விருப்பத்தின் மூலம் 1974 கோபோல் தரத்தின் நடத்தைக்குப் பின்வாசலும் திறந்து வைத்தது. 2001இல் எண்டர்பிரைஸ் கோபோல் அந்த வாசலை மூடியது. அப்போதும் ஏற்கெனவே தொகுத்த நிரல்களுக்கு ஆபத்தில்லை. கைவைக்க வேண்டி வந்த நிரலை மட்டும் புதிதாகத் தொகுப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று.

சேமிப்பு வடிவத்தின் கதை இதற்கு இணையாக நடந்தது. ஓஎஸ்/360 காலத்துப் பிடிஎஸ் நூலகத்தில் ஓர் உறுப்பைத் திருத்திச் சேமித்தால் பழைய பிரதி இருந்த இடம் வீணாகக் கிடக்கும். அவ்வப்போது கம்ப்ரஸ் செய்துதான் மீட்க வேண்டும். அடைவின் அளவும் நூலகத்தை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். (நள்ளிரவில், இடம் தீர்ந்ததென்று சொல்லும் இ37 பிழையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.) 1990 வாக்கில் வந்த பிடிஎஸ்இ இரண்டு குறைகளையும் தீர்த்தது. ஆனால் முதலில் அதில் இயங்கு நிரல்களை வைக்க முடியவில்லை. தொகுத்த நிரலை இயங்கு வடிவில் இணைக்கும் பைண்டர் வந்த பிறகே அது கைகூடியது. வேறு வேறு சிஸ்பிளெக்ஸ்களிலிருந்து (ஒன்றாக இயங்கும் மெயின்பிரேம் அமைப்புகளின் தொகுதிகளிலிருந்து) ஒரே பிடிஎஸ்இயில் எழுதுவதும் ஆதரிக்கப்படவில்லை. சோதனைக்கும் உற்பத்திக்கும் ஒரே லோட் நூலகத்தைப் பகிர்ந்துவந்தவர்களுக்கு அது கம்ப்ரஸைவிடப் பெரிய தொல்லை.

2013இல் எண்டர்பிரைஸ் கோபோல் 5 இவ்விரு கதைகளையும் முடிச்சுப் போட்டது. புதிய கம்பைலரின் வெளியீடு, பிடிஎஸ் தாங்காத வடிவிலான புரோகிராம் ஆப்ஜெக்ட். நினைவகத்தில் ஏற்றப்படாத பிழைதிருத்தத் தரவையும் அது தன்னுள் சுமந்தது. எனவே கம்பைலரை மாற்ற நூலகத்தையும், அதைச் சுற்றிய ஜேசிஎல்லையும், பகிர்வு ஏற்பாட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. கம்பைலர் குழுவும் சேமிப்புக் குழுவும் தனித்தனியாக முடிவெடுத்துப் பழகிய நிறுவனங்களில் இது தொழில்நுட்பச் சிக்கலைவிட நிர்வாகச் சிக்கல் என்பதே என் கணிப்பு.

அதைவிட ஆழமான அச்சம் தரவில் இருந்தது. எண் புலத்தில் வெற்றிடம் கிடந்தால் பழைய கம்பைலர் தொகுத்த நிரல் பெரும்பாலும் அதைச் சுழியமாகக் கொண்டு கடந்துவிடும். புதிய கம்பைலரின் வேகமான கட்டளைகளில் விடை மாறலாம். தவறு கோபோல் விதிகளை மீறிய தரவில்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சரியான வட்டியைக் கணக்கிட்ட நிரலைத் தவறானது என்று எந்த மேலாளரிடம் சொல்வது? தொகுப்பது ஓர் இரவு வேலை; ஆண்டிறுதிக் கணக்குவரை விடை மாறவில்லை என்று நிரூபிப்பதுதான் செலவு.

இந்தத் தயக்கத்தை ஐபிஎம்மே பின்னர் ஏற்றுக்கொண்டது. மூல நிரலைத் தொடாமல், தொகுத்து வைத்த நிரலையே புதிய வன்பொருளுக்கு ஏற்ப மேம்படுத்தும் கருவியை 2015இல் வெளியிட்டது. எண் புலச் சிக்கலுக்கு ஸோன்டேட்டா என்ற விருப்பத்தையும் சேர்த்தது. எண்டர்பிரைஸ் கோபோல் 4.2க்கான ஆதரவு 2022 ஏப்ரல் 30 அன்று முடிந்தது. ஆனால் அது தொகுத்த நிரல்கள் இயங்குவதற்கு அதனால் தடை ஏதும் வரவில்லை.