தலைவர் மாறினும் தளராத சங்கம்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் இதழாளர் அமைப்பின் வரலாறு

முன்னுரை

சங்கம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சங்கம் தொடங்குதல் எளிது; தொடங்கியவர் விலகிய பின்னரும் அது நிலைத்து நிற்றலே அரிது என்பதும் பலர் பட்டறிந்த உண்மையே. ஒருவரின் ஆற்றலை மட்டும் நம்பி எழும் அமைப்பு அவரோடு அடங்கிவிடுகிறது. ஒரு நெறியின் மீது எழும் அமைப்போ தலைவர் பலரைக் கண்டும் தளராது நிற்கிறது. இவ்வேறுபாட்டை விளக்கும் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990ஆம் ஆண்டு தோன்றிய சுற்றுச்சூழல் இதழாளர் சங்கம். ஆற்றையும் காற்றையும் மண்ணையும் பற்றி எழுதுவதைத் தொழிலாகக் கொண்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கம் அது. அதன் தலைமை எவ்வாறு கைமாறியது, அம்மாற்றங்களுக்கிடையே எது மாறாமல் காக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலப் பின்னணி

ரேச்சல் கார்சன் எழுதிய 'சைலன்ட் ஸ்பிரிங்' என்னும் நூல் 1962இல் வெளிவந்தது. பூச்சிக்கொல்லி மருந்துகளின் தீங்கை எடுத்துரைத்த அந்நூல், அமெரிக்க மக்களின் சிந்தனையில் பெரும் மாற்றத்தை விளைவித்தது. 1970 ஏப்ரல் 22இல் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டது. அதன்பின் பெருங்கேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. 1978இல் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தின் லவ் கால்வாய்க் குடியிருப்பில் புதைக்கப்பட்டிருந்த வேதிக் கழிவுகளின் கொடுமை வெளிப்பட்டது. 1984 டிசம்பரில் போபால் நகரம் நச்சு வளியால் சிதைந்தது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1989 மார்ச்சில் 'எக்சான் வால்டெஸ்' கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கடலில் கலந்தது.

இச்செய்திகளை எழுதவேண்டிய இதழாளரின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. வேதியியல், மருத்துவம், சட்டம், பொருளியல் ஆகிய துறைகள் அனைத்தையும் ஒருவரே கற்றாக வேண்டும். அதுவும் மாலைக்குள் கற்று, இரவுக்குள் எழுதியாக வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிவதற்குத் துணை எவரும் இல்லை. இத்தனிமை எத்துணைக் கொடியது என்பதைப் போபால் நிகழ்வே காட்டும். அந்நகரின் இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி, தாம் நடத்திய 'ரபட்' என்னும் சிறிய வார இதழில் 1982ஆம் ஆண்டிலேயே யூனியன் கார்பைடு ஆலையால் நேரவிருந்த இடரை எடுத்தெழுதி எச்சரித்தார். ஈராண்டுகளுக்குப் பின் அவர் எழுதியவாறே நேர்ந்தது. அவர் எழுத்தில் பிழையில்லை. அதனைக் கைமாற்றி ஏந்திச் செல்லக் கைகள் இல்லாமற் போயின.

தோற்றம்

அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஹோவர்டு நாளிதழ்க் குழுமத்தைச் சார்ந்த அறக்கட்டளை, சுற்றுச்சூழல் பற்றிய சிறந்த எழுத்துக்கு எட்வர்ட் மீமன் பெயரால் பரிசு வழங்கி வந்தது. அக்குழுமத்தின் ஆசிரியப் பொறுப்பாளருள் ஒருவரான டேவிட் ஸ்டோல்பர்க், அப்பரிசு பெற்றோரிடம், நீங்கள் ஒரு சங்கமாகக் கூடலாகாதா என்று வினவினார். அவ்வினாவே வித்தாயிற்று. 'பிலடெல்பியா இன்குயரர்', 'யு.எஸ்.ஏ. டுடே', டர்னர் ஒளிபரப்பு நிறுவனம், மின்னசோட்டா பொது வானொலி, 'நேஷனல் ஜியாகிரபிக்' முதலியவற்றில் பணியாற்றிய சிலர் கூடி 1990இல் சங்கத்தை நிறுவினர். வித்திட்டவர் தலைமையை நாடவில்லை என்பது கருதத்தக்கது. இன்று தொண்டு மனத்தோடு சங்கத்திற்கு உழைத்த உறுப்பினர்க்கு வழங்கப்பெறும் விருது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் 'பிலடெல்பியா இன்குயரர்' நாளிதழின் ஜிம் டெட்ஜன். 1991இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் முதல் தேசிய மாநாடு கூடியது. அன்றுமுதல் மாநாடுகள் பல மாநிலங்களில் ஊர்விட்டு ஊர் நடைபெற்று வருகின்றன. அறிஞர் உரை கேட்டு அரங்கினுள் அமர்ந்திருத்தல் மட்டும் அம்மாநாடுகளின் இயல்பன்று. சுரங்கம், சதுப்பு நிலம், காடு, ஆலை ஆகியவற்றை நேரிற் சென்று காணும் பயணங்களும் அவற்றின் இன்றியமையாக் கூறுகளாயின.

நெறிகள்

சங்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு வினா எழுந்தது. சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுபவர் சுற்றுச்சூழலுக்காகப் போராடுபவரா என்பதே அது. காட்டின் அழிவை எழுதுபவர் காட்டின் பக்கம் நிற்பவராகத்தானே இருப்பார் என்று எளிதாகக் கூறிவிடலாம். சங்கத்தார் அவ்வாறு கூறவில்லை. தங்கள் பணி உண்மையைக் கண்டு, அதனைச் செப்பமாக உரைப்பது. இயக்கம் நடத்துவது வேறு பணி என்று அவர்கள் வரையறுத்தனர். சுற்றுச்சூழல் பற்றி ஊதியம் பெற்று மக்கள் தொடர்புப் பணியோ, ஆட்சியாளரிடம் பரிந்து பேசும் பணியோ ஆற்றுவோர்க்கு உறுப்புரிமை இல்லை என்பது விதியாயிற்று. ஆலை முதலாளிகளுக்காகப் பேசுவோர்க்கும் இயற்கைக் காப்பு இயக்கங்களுக்காகப் பேசுவோர்க்கும் இவ்விதி ஒன்றே.

பொருள் ஈட்டுவதிலும் இந்நெறியே பின்பற்றப்பட்டது. ஊடகத் துறை சாராத வணிக நிறுவனங்கள், அரசுத் துறைகள், சுற்றுச்சூழல் இயக்கங்கள் ஆகியோரிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை எனச் சங்கம் உறுதி பூண்டது. அறக்கட்டளைகளும் பல்கலைக்கழகங்களும் ஊடக நிறுவனங்களும் உறுப்பினர் கட்டணமுமே அதற்குத் துணை. பகையாளியின் பணத்தை மறுத்தல் எவர்க்கும் எளிது. நண்பரின் பணத்தையும் மறுத்ததிலேயே இச்சங்கத்தின் தனிச்சிறப்பு அடங்கியுள்ளது எனலாம்.

தலைமை மாற்றங்கள்

ஆட்சிக்குழுவை உறுப்பினர் தேர்ந்தெடுக்க, அக்குழு தன்னுள் ஒருவரைத் தலைவராகத் தேர்வதே இச்சங்கத்தின் மரபு. டெட்ஜனுக்குப் பின் தலைமை தாங்கியோர் பலர். 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' இதழின் எமிலியா அஸ்காரி, 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' இதழின் மைக் மான்சர், லூயிவில் நகர நாளிதழின் ஜேம்ஸ் புரூகர்ஸ், 'நியூஸ்டே' இதழின் டான் ஃபேகின், 'பால்டிமோர் சன்' இதழின் டிம் வீலர், ஒரிகன் பொது ஒலிபரப்பின் கிறிஸ்டி ஜார்ஜ், பிட்ஸ்பர்க் நகர நாளிதழின் டான் ஹோப்பி ஆகியோர் அவர்களுட் சிலர். இவருள் எவரும் அப்பதவியை வாழ்நாள் உரிமையாகக் கொள்ளவில்லை. சில ஆண்டுகள் பொறுப்பை ஏந்தி, அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுத் தம் எழுத்துப் பணிக்குத் திரும்பினர். தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய டான் ஃபேகின், நியூ ஜெர்சி மாநிலத்து ஊர் ஒன்றில் வேதிக் கழிவுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதிய 'டாம்ஸ் ரிவர்' என்னும் நூல் 2014இல் புலிட்சர் பரிசைப் பெற்றது. பதவியினும் எழுத்தே பெரிது எனக் கருதியோர் கையில் பதவி கெடுவதில்லை.

தலைவர்கள் மாறி மாறி வர, அன்றாட நிர்வாகத்தில் தொடர்ச்சி வேண்டியிருந்தது. அதனை நல்கியவர் பெத் பார்க். 1993 முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாகச் செயல் இயக்குநராக இருந்து சங்கத்தை வளர்த்தவர் அவர். நீண்ட காலம் ஒருவரே தாங்கிய பொறுப்பு பிறர் கைக்கு மாறும்போது அமைப்புகள் தடுமாறுதல் இயல்பு. எனினும் அவருக்குப் பின் மீகன் பார்க்கரும், அவருக்குப் பின் அபர்ணா முகர்ஜியும் அப்பொறுப்பை ஏற்றனர். சங்கமும் தொடர்ந்து இயங்கிற்று.

தலைவர்களின் வரிசையை உற்று நோக்கின், இதழுலகின் வரலாறே அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். தொடக்ககாலத் தலைவர்கள் பெரும்பாலும் பெருநகர நாளிதழ்களின் ஊழியர். பிற்காலத்திலோ எந்த நிறுவனத்தையும் சாராது எழுதிவந்த மீரா சுப்பிரமணியன், வானொலித் துறையினரான சேடி பாபிட்ஸ், லூக் ரன்யன் ஆகியோர் தலைமை ஏற்றனர். இந்தியத் தந்தைக்குப் பிறந்த மீரா, பஞ்சாபின் வேளாண்மை, இராஜஸ்தானின் வறண்ட ஆறுகள், அழிந்துவரும் பிணந்தின்னிக் கழுகுகள் ஆகியவற்றைப் பற்றி 2015இல் நூல் எழுதியவர்.

எல்லை கடந்த உறவு

இச்சங்கத்தின் எண்ணம் ஒரு நாட்டோடு நிற்கவில்லை. 1993இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் இதழாளர் கூட்டமைப்பு தோன்றியது. ஜிம் டெட்ஜன் அதற்கும் தலைமை தாங்கினார். பிற்காலத்தில் அத்தலைமைப் பொறுப்பு மும்பையைச் சேர்ந்த டேரில் டி'மான்டேயிடம் வந்தது. நாளிதழ் ஆசிரியராக விளங்கிய அவர், தொழில் வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையிலான மூன்று பூசல்களை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்டவர். இந்தியச் சுற்றுச்சூழல் இதழாளர் மன்றத்தை நிறுவியவர். 2019இல் அவர் மறைந்தார். இவ்வகை அமைப்புகளுக்கு நேபாளம் ஒரு முன்னோடி. அந்நாட்டின் சுற்றுச்சூழல் இதழாளர் மன்றம் 1986இலேயே தோன்றிவிட்டது. 1997இல் 'ரேடியோ சாகர்மாதா' என்னும் மக்கள் வானொலியையும் அது தொடங்கிற்று.

சோதனைகள்

வளர்ச்சி என்பது தடையற்ற ஏற்றமாக அமையவில்லை. 2001 செப்டம்பர்த் தாக்குதல்களுக்குப் பின், பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆலைகளின் இடர்கள் பற்றிய தகவல்கள் பலவற்றை அமெரிக்க அரசுத் துறைகள் மக்கள் பார்வையிலிருந்து அகற்றின. தம் ஊர் ஆலையில் எந்த நஞ்சு சேமிக்கப்பட்டுள்ளது என்பதை அவ்வூரார் அறியலாகாதா என்ற வினா எழுந்தது. தகவல் உரிமைக்கெனத் தனிக்குழு ஒன்றை அமைத்த சங்கம், அரசின் மறைப்புகளைத் தொடர்ந்து கண்காணித்து வெளியிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதிய கென் வார்டு இப்பணியில் முன்னின்றார்.

அடுத்த சோதனை தொழிலுக்குள்ளேயே தோன்றியது. 2008 டிசம்பரில் சி.என்.என். நிறுவனம் தன் அறிவியல், சுற்றுச்சூழல் பிரிவைக் கலைத்தது. 2009 பிப்ரவரியில் டென்வர் நகரின் 'ராக்கி மௌண்டன் நியூஸ்' நின்றுபோயிற்று. 2013இல் 'நியூயார்க் டைம்ஸ்' தன் சுற்றுச்சூழல் பிரிவைக் கலைத்தது. வேலையிழந்தோர் முன் மக்கள் தொடர்புப் பணி காத்திருந்தது. அதனை ஏற்றால் சங்கத்தின் விதி அவரை வெளியே நிறுத்தும். ஒருகாலத்தில் தூய்மை காத்த விதியே இப்போது தோழரைப் பிரிக்கும் வாளாயிற்று. விதியைத் தளர்த்தினால் நம்பகம் போகும். தளர்த்தாவிடில் உறுப்பினர் போவர். இந்நிலையில் 2010இல் சுற்றுச்சூழல் இதழியல் நிதி தோற்றுவிக்கப்பட்டது. களப்பணிக்கும் பயணத்திற்கும் உரிய செலவுக்கு உதவி, எழுதுவோரை எழுத்திலேயே நிலைநிறுத்த அது முயன்றது. துயர் முழுவதையும் அது தீர்த்தது எனக் கூறவியலாது. ஆயினும், நெறியை விலைபேசாமல் உறுப்பினரைத் தாங்க முயன்ற வழி அது.

முடிவுரை

இத்துணை முயற்சியால் விளைந்த பயன் யாது? நியூ ஆர்லியன்ஸ் நாளிதழான 'டைம்ஸ் பிக்கயூன்', 2002 ஜூன் மாதம் ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது. பெரும்புயல் வீசின் அந்நகரின் கரைகள் தாங்கமாட்டா என அத்தொடர் எச்சரித்தது. அதனை எழுதிய இருவருள் ஒருவரான மார்க் ஷ்லைஃப்ஸ்டைன் இச்சங்கத்தைச் சேர்ந்தவர். மறு ஆண்டு சங்கத்தின் மாநாடு அந்நகரிலேயே கூடிற்று. 2005 ஆகஸ்டு 29இல் கத்ரீனாப் புயல் கரையைக் கடந்தது, கரைகள் உடைந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, மதிக்கப்படவில்லை. ஆள்வோரைக் கேட்கவைக்கும் ஆற்றல் எந்தச் சங்கத்திற்கும் இல்லை.

எனினும், எழுதுபவரைத் தனிமைப்படாமல் காக்கும் ஆற்றல் சங்கத்திற்கு உண்டு. குடிநீரில் ஈயம் கலந்து துயருற்ற ஃபிளிண்ட் நகரிலேயே 2018ஆம் ஆண்டு மாநாடு நடத்தப்பட்டதன் பொருளும் அதுவே. முதல் தலைவர் எழுதிய பிலடெல்பியாவில் 2024இல் மாநாடு கூடியபோது, வேறு தலைவர், வேறு இயக்குநர், வேறு தலைமுறை அங்கு இருந்தனர். எவர் பக்கமும் சாயாமல் கண்டதை எழுதுதல், எழுதுபவருக்குத் துணை நிற்றல் ஆகிய இரண்டும் மட்டும் பழையனவாகவே இருந்தன. தலைவர்கள் வந்து செல்வர். அவர்கள் எதனை மாற்றாமல் விட்டுச் சென்றனர் என்பதைக்கொண்டே ஒரு சங்கத்தின் வளர்ச்சியை அளத்தல் தகும்.