படுக்கைக்கு முந்தைய மணிநேரங்கள்: மனநல நெருக்கடியும் முதலமைச்சர் காப்பீடும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் அந்தப் பணம் அசைகிறது. மனநல நெருக்கடியில் உயிர்காக்கும் வேலை அதற்கு முன்பே, வீட்டிலும் தெருவிலும் நடந்தாக வேண்டும். அந்த வேலைக்கும் காப்பீட்டு நிதி பணம் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் நள்ளிரவில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறார் என்று கொள்வோம். வீட்டார் அவரைத் தடுத்து, ஆறுதல் சொல்லி, வண்டி தேடி, மலையிறங்கி, சங்கராபுரத்துக்கோ சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுவர வேண்டும். காப்பீட்டின் கணக்கில் அதுவரை எதுவும் நடக்கவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 மனநலத் தொலைபேசிச் சேவை பேச்சுத்துணை தருகிறது. நேரில் போய் நிற்க ஆள் வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது தேவையானது. ஆனால் கணவனை இழந்தவளும் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளையும் உடைவது அந்த வாரத்தோடு முடிவதில்லை. மாதங்கள் கழித்து வரும் நெருக்கடிக்கு நிவாரணத் தொகை மருந்தாகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. படுக்கைச் செலவை மட்டும் சமமாக்கினால் அந்த நிகர்நிலை வந்துவிடாது. நோயின் இயல்பு வேறு. செலவு விழும் இடமும் வேறு.

இதற்கான முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவரிடம் காப்பீட்டு அட்டையோ வருமானச் சான்றோ கேட்பதில்லை. முதல் 48 மணிநேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. நெருக்கடியில் தகுதியை விசாரிப்பது தவறு என்ற இந்தக் கொள்கை மனம் உடைந்தவருக்கும் பொருந்தும்.

வீட்டுக்குப் போய்ச் செய்யும் பணியைச் சரிபார்க்க முடியாது, போலிக் கணக்குகள் பெருகும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் 108 ஆம்புலன்ஸின் ஒவ்வோர் அழைப்பும் பயணமும் பதிவாகின்றன. அதே பதிவு இதற்கும் போதும். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு, மனநல நெருக்கடியில் இருப்பவரை நேரில் தேடிச் செல்லும் நடமாடும் குழுக்களுக்குப் பணம் தருகிறது. தகுதிபெற்ற குழுக்களின் செலவில் 85 விழுக்காட்டை முதல் மூன்றாண்டுகளுக்குக் கூட்டரசே ஏற்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இருவருக்குக் குறையாத குழு, நாள் முழுதும் சேவை என்பவை அதன் நிபந்தனைகள்.

அழைப்புக்கு அழைப்பு பணம் தரும் முறையை மட்டும் இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. மக்கள் சிதறி வாழும் மலையில் அழைப்புகள் குறைவு. குழு பட்டினி கிடக்கும். குழுவின் சம்பளமும் வண்டியும் மாவட்ட மனநலத் திட்டத்தில் நிரந்தரமாக வர வேண்டும். வீட்டுக்குச் சென்ற ஒவ்வொரு முறைக்கும், பிறகு தொடர்ந்து பார்த்துவருவதற்கும் காப்பீடு தனியே தர வேண்டும். முதல் குழு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் அமையட்டும்; அதில் ஒருவர் மனநலச் செவிலியர், மற்றவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த, அந்த ஊர்களின் வழியறிந்த களப்பணியாளர்.