நிவாரணம் என்று பெயர் வைத்த மென்பொருள்

கிளவுட் என்றதும் நம்ம ஆட்களுக்கு மாதாந்திர பில்தான் முதலில் ஞாபகம் வரும். பேரிடர் வரலாற்றைப் புரட்டினால் அதன் மதிப்பு வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவ ஆட்கள் வந்தார்கள், பொருளும் வந்தது. எந்த முகாமுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்குதான் ஒரே இடத்தில் இல்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஒரு முகாமில் துணி குவியும், அடுத்த முகாமில் தண்ணீர் இருக்காது. இலங்கை மென்பொருள் ஆட்கள் தன்னார்வமாக உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதியதுதான் ‘சஹானா’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் என்று பதிவேடுகள். கட்டற்ற மென்பொருள் என்பதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் போனது.

ஆனா ஒண்ணு கவனிங்க. அமேசான் இசி2 வந்தது 2006-இல்தான். நிமிடக் கணக்கில் சர்வர் எடுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடும் வசதி சஹானா பிறந்தபோது கிடையாது.

2010 ஜனவரி 12, ஹைத்தி நிலநடுக்கம். தலைநகரில் ஜனாதிபதி மாளிகையே இடிந்தது, அமைச்சகக் கட்டடங்களும் விழுந்தன. சஹானா இந்த முறை நாட்டுக்கு வெளியே இருந்த சர்வரில் ஓடியது. எந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து நிரப்பினார்கள். காயம்பட்டவரை எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுப்பவருக்கு அதுதான் முதல் தேவை.

அடுத்த ஆண்டே ஜப்பான் இதே பாடத்தை வேறு வழியில் சொன்னது. 2011 மார்ச் 11 சுனாமி, ரிக்குசென்தகாதா, ஒத்சுச்சி, ஒனகாவா, மினாமிசான்ரிக்கு ஆகிய நான்கு ஊர்களின் குடும்பப் பதிவேடுகளைக் கொண்டுபோனது. நீதி அமைச்சகத்தின் வட்டார அலுவலகங்களில் நகல் இருந்ததால்தான் அவற்றை மீட்க முடிந்தது.

அப்போ எல்லாத்தையும் கிளவுடில் போட்டா போதுமா? போதாது. புயலில் டவர் சாய்ந்தால் தரவு எங்கே பத்திரமாக இருந்து என்ன பயன்? இணையம் இல்லாமலும் ஓடும் செயலி வேண்டும், கடைசிப் பட்டியல் காகிதத்திலாவது கையில் இருக்க வேண்டும்.

ஆகவே நம்ம ஊர் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தக் கட்டடம் மூழ்கினால் தரவு எங்கே இருக்கும்? இணையம் போனால் யார் கையில் இருக்கும்?