பட்டியலில் அடிபட்ட பெயர்

மலர்க்குழுத் தம்பிகள் வந்து, "சார், ஒரு சரித்திரக் கட்டுரை வேணும், ஆனா பாடம் மாதிரி இருக்கக் கூடாது" என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் மாதிரியே பேசிப் பழகியவனிடம் இப்படிக் கேட்டால் எப்படி? யோசித்துப் பார்த்து, கல்லூரி மாணவர்களின் கதை ஒன்றையே எடுத்துக்கொண்டேன். அது நடந்த கல்லூரி அமெரிக்காவில். முடிந்த இடம் நமக்குக் கூப்பிடு தூரத்தில், யாழ்ப்பாணத்தில்.

1806 ஆகஸ்ட் மாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் ஒரு தோப்பில் ஜெபம் செய்யப் போனார்கள். இடி மின்னலுடன் மழை பிடித்துக்கொள்ளவே, பக்கத்திலிருந்த வைக்கோல் போரடியில் ஒதுங்கினார்கள். அங்கே சாமுவேல் மில்ஸ் என்பவர், ஆசியாவுக்கு நாமே ஏன் போகக் கூடாது என்று கேட்டார். ஹார்வி லூமிஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அந்த நாடுகள் நாகரிகம் அடையட்டும் என்பது அவர் கட்சி. (நாகரிகம் பற்றி அவர்களுக்கு அன்று இருந்த அபிப்பிராயம் அவ்வளவுதான், சங்க இலக்கியத்தை அவர் எங்கே கண்டார்!) மற்றவர்கள் சம்மதித்தார்கள். அந்த இடத்தில் 1867இல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் மில்ஸைத்தான் கொண்டாடும். அவர் ஆசியாவுக்கு வரவேயில்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில் 1818இல் கப்பலிலேயே இறந்துபோனார். பைரம் கிரீன் பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார். அந்த ஐவரில் நம் பக்கம் வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஒருவரே. என் கட்டுரை அவரைப் பற்றியது.

1810இல் ஆண்டோவர் இறையியல் பள்ளி மாணவர்கள், எங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா என்று சபைத் தலைவர்களிடம் மனுக் கொடுத்தார்கள். அதில் ரிச்சர்ட்ஸின் பெயரும் இருந்தது. இத்தனை பேரா, செலவுக்கு எங்கே போவது என்று பெரியவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று பயந்து, கடைசி நேரத்தில் இரண்டு பெயரை அடித்துவிட்டார்கள். ஒன்று லூதர் ரைஸ், மற்றது நம்முடைய ரிச்சர்ட்ஸ். மனு ஏற்கப்பட்டு, அமெரிக்கன் போர்டு என்னும் சங்கம் பிறந்தது. ரைஸாவது 1812இல் முதல் குழுவோடு கப்பலேறிவிட்டார். ரிச்சர்ட்ஸ் கரையிலேயே நின்றார்.

அந்த முதல் குழு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்கத்தாவில் இறங்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனி, வெளியே போ என்றது. போதாக்குறைக்கு அதே 1812இல் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூண்டது. சாமுவேல் நியூவெல்லும் அவர் மனைவி ஹாரியட்டும் மொரீஷியஸ் தீவுக்குப் போனார்கள். வழியில் பிறந்த குழந்தை இறந்தது; நவம்பரில் ஹாரியட்டும் இறந்தார். வயது 19. இன்று நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணின் வயது! நியூவெல் தனியாக இலங்கைக்கு வந்தார். அது கம்பெனி ஆட்சிக்கு உட்படாமல், நேரே பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்தது. ஆகவே அங்கே கதவு திறந்திருக்கிறது என்று ஊருக்கு எழுதினார். அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்ததற்கு அரசியலே முதற் காரணம் என்பது என் துணிபு.

யுத்தம் ஓய்ந்த பிறகுதான் ரிச்சர்ட்ஸின் முறை வந்தது. காத்திருந்த காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை, வைத்தியம் படித்தார். 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'ட்ரையட்' என்ற இரண்டு பாய்மரக் கப்பல் புறப்பட்டது. ரிச்சர்ட்ஸ், டேனியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஹொரேஷியோ பார்ட்வெல் ஆகிய நால்வரும் மனைவியரோடு வந்தார்கள். எட்வர்ட் வாரன் மட்டும் பிரம்மச்சாரி. ஆக ஒன்பது பேர். சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐந்து மாதம். 1816 மார்ச்சில் கொழும்பு சேர்ந்தார்கள். பார்ட்வெல் தம்பதியர் பம்பாய்க்குப் போக, மற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்ற இரு ஊர்களைப் பிரித்துக்கொண்டு, போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துப் பாழடைந்த கோயில்களையும் வீடுகளையும் செப்பனிட்டுக் குடியேறினார்கள்.

ஆனால் உடம்பு இடம் கொடுக்க வேண்டாமா? வாரனுக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் காசநோய். கடற்காற்றில் தேறட்டும் என்று 1818இல் இருவரையும் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். வாரன் அங்கேயே அடக்கமானார். ரிச்சர்ட்ஸ் திரும்பி வந்து, மேலும் சில ஆண்டுகள் நோயோடு நோயாக உழைத்து, 1822 ஆகஸ்டில் தெல்லிப்பழையில் கண்மூடினார். பாவம், பதினாறு ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் போரடியில் சொன்ன சொல்லுக்கு அவருக்குக் கிடைத்த தமிழ் மண் வாசம் ஆறே ஆண்டுதான்.

அதற்குள் இன்னொரு இடைஞ்சல். 1820இல் ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுத் தொழிலாளர் வந்து சேர்ந்தபோது, இனி ஒரு அமெரிக்கரும் கூடாது என்று இலங்கை அரசாங்கம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தத் தடை 1833 வரை நீடித்தது. முன்பே வந்துவிட்ட சிலரை வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து ஆள் வர வழியில்லாத அந்தக் காலத்தில்தான் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பெரிய படிப்புப் படிக்க வைக்கும் வேலை மும்முரமாக நடந்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி. செமினரிக்கு முதல் தலைவர் டேனியல் பூர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானநூல் எல்லாம் அங்கே உண்டு. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்களே, அது மட்டும் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பெற்றவர்கள் வைத்த பெயருக்கு என்ன குறை?

பூர் 1855 பிப்ரவரியில் காலராவில் இறந்தார். அதே ஆண்டு போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் அமெரிக்காவிலிருந்து நேரில் வந்து பார்த்தார். இங்கிலீஷ் படித்தவர்கள் போதகர் ஆகாமல் சர்க்கார் உத்தியோகத்துக்கல்லவா போகிறார்கள் என்பது அவர் கவலை. செமினரியை மூடிவிட்டார்கள். போர்டின் நோக்கப்படி பார்த்தால் அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் இரண்டே வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்தவர்கள் யார் தெரியுமா? சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டை செமினரி மாணவர்கள்! தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மிஷனுக்கு அது நஷ்டக் கணக்காக இருக்கலாம், தமிழுக்கு லாபம்.

மூடிய செமினரியைப் பழைய மாணவர்கள் மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள், கேட்டார்கள், விடாமல் நச்சரித்தார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது.